எந்த நூலும் கட்டாயமில்லை
அமெரிக்க நாடாளுமன்றத்தில் பைபிள்மீது கைவைத்துத்தான் பதவியேற்க வேண்டும் என்பதுபோல ஒரு கட்டுரை பேசுகிறது. அப்படி ஒரு கட்டாயமே இல்லை. அதன் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எல்லோரும் மொத்தமாக வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்வார்கள், அவ்வளவுதான். நூலோடு நிற்பதெல்லாம் அப்புறம் சபாநாயகருடன் எடுக்கும் போட்டோவுக்கு!

2007இல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன் குர்ஆனோடு நின்றதற்கு எத்தனை கூச்சல். அந்தப் பிரதி யாருடையது தெரியுமா? முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்தது. 2013இல் இந்து உறுப்பினரான துளசி கப்பார்ட் பகவத் கீதையோடு வந்தார்.

பதவிக்கு மதத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 6ஆவது பிரிவே சொல்கிறது. 'ஆணையிடுகிறேன்' பிடிக்காதவர் 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். 1825இல் அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின்மீதுதான் கைவைத்தார். எனக்குப் பிடித்தது என்னவோ அதுதான்.