சின்னத் தொட்டியில் ஜோடி ஜோடியாக மீன் விடாதீர்கள்

"நியான் டெட்ரா ரெண்டு, ஏஞ்சல் ரெண்டு, டைகர் பார்ப் ரெண்டு, கப்பி ஒரு ஜோடி, பாசி தின்ன ஒரு சக்கர். தொட்டி ரெண்டடி. எல்லாம் ஒண்ணா இருக்குமா?" புதிதாக மீன் வளர்க்க வருகிறவர்களிடமிருந்து இந்த மாதிரிக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. இருக்காது என்பதுதான் பதில். ஆனால் ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் பயனில்லை. இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் நல்ல மீன்தான், கோளாறு சேர்க்கையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: இரண்டடித் தொட்டிக்கு இரண்டு வகை மீன் போதும், மிஞ்சிப்போனால் மூன்று. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதற்குப் பதில் ஒரே வகையில் பத்து வாங்குங்கள். தொட்டி வெறிச்சென்று இருக்குமே என்று பயப்படுகிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "சண்டை போடுமா?" என்று. நான் முதலில் பார்ப்பது தண்ணீரை. நியான் டெட்ரா அமேசான் படுகையின் மீன். இலைதழை ஊறிப் பழுப்பேறிய, உப்புகள் குறைந்த, சற்றே அமிலத்தன்மை கொண்ட ஓடைகளில் வாழ்வது. கப்பியும் மோலியும் அதற்கு எதிர்த்திசை, அவற்றுக்குக் கடின நீர், அதாவது உப்புகள் நிறைந்த தண்ணீர், வேண்டும். மோலி உவர்நீரில்கூட நன்றாக வாழும். மென்மையான தண்ணீரில் அதை விட்டால் என்ன ஆகும் தெரியுமா? துடுப்புகளை உடம்போடு மடக்கிக்கொண்டு, நகராமல், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் அசைந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்கள் ஆடுகிறது என்று வீடியோ எடுப்பார்கள். அது ஆட்டம் இல்லை, உடம்பு முடியாத அறிகுறி. நியானும் மோலியும் ஒன்றையொன்று தொடவே தொடாது, சண்டை கிடையாது. இருந்தும் அந்த இரண்டில் ஒன்று எப்போதும் தனக்கு ஒவ்வாத தண்ணீரில்தான் இருக்கும்.

பண்ணையில் பிறந்து வளரும் மீன்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகும் என்பது உண்மை. நியான் பெரும்பாலும் பண்ணையிலிருந்துதான் வருகிறது. அதற்காக எல்லை இல்லாமல் போய்விடாது. உங்கள் குழாயில் வரும் தண்ணீரின் கடினத்தன்மையையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் ஒருமுறை சோதித்துவிட்டு, அதற்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். மீனை வாங்கிவிட்டு அதற்காகத் தண்ணீரை மருந்து ஊற்றி மாற்றுவது தினசரி தலைவலி. அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் மீனை அதிகம் வாட்டும்.

வெப்பநிலையும் இப்படித்தான். 'வெப்பமண்டல மீன்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ராம் சிச்லிட் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் தெம்பாக இருக்கும். அடியில் இரை தேடும் பாண்டா கோரிக்கு 22 முதல் 25 வரை போதும். இரண்டையும் 26-இல் வைத்துச் சமாதானம் செய்தால் இரண்டுக்குமே அரைகுறை. கோல்டு ஃபிஷ் பற்றி ஒரே வரி: இந்தத் தொட்டிக்கே அது வேண்டாம்.

அடுத்தது அளவு. கடையில் பார்க்கும் அளவு குஞ்சின் அளவு. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஏஞ்சல் 15 செ.மீ. வரை வளரும், துடுப்புகளையும் சேர்த்தால் உயரம் அதைவிட அதிகம். மூன்று, மூன்றரை செ.மீ. நீளமும் ஒல்லி உடம்பும் கொண்ட நியான் அதன் வாய்க்குள் தாராளமாகப் போகும். "சின்னதிலிருந்து ஒண்ணா வளர்ந்தது, தின்னாது" என்பார்கள். வாய் பெரிதாகும் வரை தின்னாது, அவ்வளவுதான். பாசி தின்னும் என்று விற்கப்படும் சாதாரண சக்கர் 40 செ.மீ.க்கு மேல் போகும். பாலா ஷார்க் 30 செ.மீ. தாண்டும். "தொட்டிக்குத் தகுந்த அளவுதான் மீன் வளரும்" என்று ஒரு பேச்சு உண்டு. கழிவு சேர்ந்த தண்ணீரில் மீன் குன்றிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற கணக்கையும் நம்பாதீர்கள். அதே உடல்வாகில் நீளம் இரண்டு மடங்கானால் எடை கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். தீனியும் கழிவும் எடையைப் பார்த்துத்தான் கூடும், நீளத்தைப் பார்த்து இல்லை. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். அந்த 45-ஐ மனதில் வைத்துக்கொண்டு மீன் வாங்குங்கள்.

இப்போது நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டமாக வாழும் மீனைக் கூட்டமாகவே வைக்க வேண்டும். ஆறுக்குக் குறையாமல், முடிந்தால் எட்டு, பத்து.

இரண்டே நியான் இருக்கும் தொட்டியைக் கவனித்துப் பாருங்கள். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒன்று, செடி அடியில் ஒன்று. நீலக்கோடு மங்கியிருக்கும், சிவப்பு வெளிறியிருக்கும். யாராவது பக்கத்தில் நடந்தாலே விர்ரென்று ஒளியும். அதே தொட்டியில் இன்னும் எட்டைச் சேர்த்து, கொஞ்சம் செடியும் வைத்து, சில நாள் பொறுத்தால் வேறு மீனோ என்று தோன்றும். நடுத்தண்ணீருக்கு வந்துவிடும், நிறம் ஏறிவிடும். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். எல்லா நியானும் எப்போதும் ஒட்டிக்கொண்டு ஒரே திசையில் போனால் அழகு என்று நினைக்கிறோம். அப்படி நெருங்குவது பெரும்பாலும் பயத்தில். நிம்மதியாக இருக்கும் கூட்டம் தளர்ந்து பரவியிருக்கும், இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்து ஒன்றுக்கொன்று வீறாப்புக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த வீறாப்பைப் பார்க்கத்தான் மீன் வளர்க்கிறேன் என்றே சொல்வேன். இரண்டு மீனில் இது கிடைக்காது.

டைகர் பார்ப் மேல் எல்லோரும் சொல்லும் புகார், வாலைக் கடிக்கிறது என்பது. கடிக்கும்தான். ஆனால் இரண்டு மூன்றாக வைத்தால் பக்கத்து மீன் மேல் காட்டும் முரட்டுத்தனத்தை, பத்தாக வைத்தால் தங்களுக்குள்ளேயே காட்டித் தீர்த்துக்கொள்ளும். யார் பெரியவர் என்ற போட்டி அவற்றுக்குள் நாள் முழுக்க ஓடும். அப்போதும் ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் மாதிரி நீண்ட துடுப்பு தொங்கும் மீன்களோடு வேண்டாம். அதோடு இந்தச் சுறுசுறுப்புக்கு இரண்டடி இடம் பற்றாது, மூன்றடித் தொட்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கப்பி, பிளாட்டி, மோலியில் மட்டும் கணக்கு வேறு. ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடி வாங்கினால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வே இருக்காது, ஆண் விடாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் வேண்டும். அப்புறம் மாதாமாதம் குஞ்சுகள். ஆணைப் பிரித்துவிட்டாலும் பெண் உடம்பில் விந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும், ஈனிக்கொண்டே இருக்கும். 45 லிட்டரில் இது கட்டுப்படியாகாது. வெறும் ஆண் கப்பிகளாக எட்டு விட்டால் நிறத்துக்கு நிறமும் ஆச்சு, குஞ்சுத் தொல்லையும் இல்லை.

மேல்மட்டத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று அடுக்கினால் நிறைய மீன் விடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். இடநெருக்கடிக்கு அது சரி. ஆனால் மூன்று அடுக்கின் கழிவும் சேர்வது அதே 45 லிட்டரில்தான். எனவே வகை தேர்ந்தெடுக்க அடுக்கைப் பாருங்கள், எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அதைக் காரணமாக்காதீர்கள்.

அடியில் இருக்கும் கோரிக்கு நாம் செய்யும் அநியாயம் தனி. மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று ஒன்றே ஒன்றை வாங்கிக் கூர்மையான கல் பரப்பிய தொட்டியில் விடுகிறார்கள். அது மீசையால் மணலைத் துழாவி இரை தேடும் மீன், மணல் நைஸாக இருக்க வேண்டும். மேலே வேகமாக நீந்தும் மீன்கள் தீனியை முடித்துவிட்டால் அதற்கு எதுவும் வராது. விளக்கு அணைத்தபின் மூழ்கும் வில்லை ஒன்றிரண்டு போடுங்கள். ஆறாக வைத்தால் ஒன்று கிளம்ப, மற்றவை பின்னாலேயே கிளம்பும். அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றெடுத்துவிட்டு இறங்கும். அது நோய் இல்லை, கோரி குடல்வழியாகவும் காற்றை எடுத்துக்கொள்ளும் மீன். ஆனால் எல்லாம் ஓயாமல் மேலே வந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

சரி, என்னதான் விடலாம்? மென்மையான தண்ணீர் என்றால் என் தேர்வு: எட்டுப் பத்து ஹார்லெக்வின் ரஸ்போரா அல்லது நியான், இரண்டையும் சேர்த்து இல்லை, ஏதாவது ஒன்று. அடியில் ஆறு பிக்மி கோரி. ஆசை தீராவிட்டால் ஒரே ஒரு தேன் கௌராமி. கயிறு போன்ற வயிற்றுத் துடுப்பு இரண்டையும் நீட்டி, இலையையும் தீனியையும் தடவித் தடவிப் பார்க்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடின நீர் என்றால் ஆண் கப்பிகள் எட்டு, பாசிக்கு இரண்டு நெரைட் நத்தை. நன்னீரில் அதன் முட்டை பொரிந்து பெருகாது. ஃபைட்டரைத் தனியாக வையுங்கள், கப்பியின் வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று பாய்ந்துவிடும்.

மீனே இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அதைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கைந்து வாரம் கொடுங்கள். அம்மோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகு ஒரு கூட்டம், இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டம்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் கலந்து விட்டவர்கள், பெரிதாகும் மீனை எடுத்துக்கொள்ளக் கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கேளுங்கள். மீதியில் எது உங்கள் தண்ணீருக்கு ஏற்றதோ அதன் கூட்டத்தைப் பெருக்குங்கள், புது வகை வேண்டாம். சக்கர் பெரிதாகிவிட்டது என்று ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்க மீனான அது, இப்படி விடப்பட்டே பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைக் குடைந்து அரித்துக்கொண்டிருக்கிறது.