மாறும் நிலைக்கும் சமன்பாடு உண்டு

ஃபங்ஷனல் புரோகிராமிங் (ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் முறை) சொல்லித்தரும் பலர் ஆரம்பத்திலேயே ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். மதிப்பு மாறாத நிரலில்தான் சமன்பாடு போட்டு யோசிக்கலாம், மாற ஆரம்பித்தால் வரிவரியாக ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஒரேயொரு ஸ்டேட்டை, அதாவது நிரல் நினைவில் வைத்திருக்கும் மாறும் நிலையை, வைத்துக்கொண்டு நாம் செய்வது இரண்டே வேலை: படிப்பது, எழுதுவது. ஹாஸ்கல் என்ற ஃபங்ஷனல் மொழியில் இவை கெட், புட். மூன்று விதி போதும். ஒன்றை எழுதிய கையோடு வேறொன்றை எழுதினால் முதலில் எழுதியது வீண். எழுதிய கையோடு படித்தால் எழுதியதே வரும். படித்ததையே திரும்ப எழுதினால் ஒன்றுமே செய்யாததற்குச் சமம்.

'அடுத்தடுத்து இருமுறை படித்தால் ஒரே மதிப்பு வரும்' என்பதை நான்காவது விதியாகச் சேர்ப்பதுண்டு. அது தேவையே இல்லை. இரண்டு கெட்டும் தொடங்கும் முன் ஒரேயொரு முறை 'படித்து, அதையே எழுது' என்று சொருகுங்கள். மூன்றாம் விதிப்படி எதுவும் மாறாது. இப்போது பழைய இரண்டில் முதல் கெட், சொருகிய புட்டை ஒட்டி நிற்கிறது. இரண்டாம் விதிப்படி அதை எடுத்துவிட்டு, எழுதிய மதிப்பையே அங்கே வைக்கலாம். அது போனதும் அடுத்த கெட் புட்டை ஒட்டி வருகிறது, அதற்கும் அதே கதி. ஒரே கெட் உள்ள நிரலிலும் இதைச் செய்தால் இரண்டும் ஒரே வடிவில் வந்து நிற்கும். மெமரியில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை, பாருங்கள்! எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

மொகி என்ற ஆய்வாளர் மொனாட்களை (விளைவுள்ள செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் கணித அமைப்பு) கொண்டு, நிலையை மாற்றுவது போன்ற விளைவுகளுக்குப் பொருள் சொன்ன கட்டுரை 1991-இல் வந்தது. 2002-இல் பிளாட்கின், பவர் என்ற ஆய்வாளர்கள் கெட், புட் போன்ற செயல்களையும் சமன்பாடுகளையும் முதலில் வைத்து, மொனாட் அவற்றிலிருந்தே பிறக்கிறது என்று காட்டினார்கள். பாடமும் அந்த வரிசையில்தான் வர வேண்டும். ஸ்டேட் மொனாட் என்றால் 'நிலையை வாங்கி, விடையையும் புது நிலையையும் தரும் ஃபங்ஷன்' என்று தொடங்கினால், பல வழிகளில் ஒன்றை அதுவே எல்லாம் என்று மாணவர் நம்பிவிடுகிறார்.

விதி தெரிந்தவருக்கு அது எங்கே உடைகிறது என்பதும் தெரியும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் ஒரே ஐஓரெஃபை (ஹாஸ்கலில் மாற்றக்கூடிய மதிப்பை வைக்கும் பெட்டி) தொட்டால் மூன்றுமே போச்சு. நான் படித்ததையே திரும்ப எழுதுவதற்குள் இன்னொருவர் எழுதியிருந்தால், என் எழுத்து அவருடையதை அழித்துவிடும். ஒன்றுமே செய்யாததற்குச் சமம் என்று அதை இனி எப்படிச் சொல்வது? பல படிப்பு-எழுத்துகளை, இடையில் யாரும் குறுக்கிடாத ஒரே டிரான்சாக்‌ஷனாகக் கட்டித் தரும் எஸ்டிஎம் 2005-இல் ஹாஸ்கலுக்கு வந்தது. அது ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இந்த மூன்றையும் மீட்டுத் தருகிறது. அதன் பெரிய அருமை அதுதான் என்பேன்.

கெட், புட் என்று ஒரு இன்டர்ஃபேஸ் வெளியிடுபவர்கள், இவற்றில் எந்த விதி நிற்கும், எது நிற்காது என்று டாக்குமென்டேஷனிலேயே எழுத வேண்டும், குவிக்செக்கில் (விதிகளைத் தற்செயல் உள்ளீடுகளால் சோதிக்கும் கருவி) சோதித்தும் காட்ட வேண்டும். எதை வாங்கி எதைத் தரும் என்று மட்டும் சொல்லும் டைப் சிக்னேச்சர் மட்டும் எனக்குப் போதாது.