கையெழுத்துப் போட்டால் ஊசியா? அப்படியெல்லாம் இல்லை

"கோமாவில் இருப்பவரை, வீட்டார் கையெழுத்துப் போட்டால் ஊசி போட்டு முடித்துவிடலாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தப்பு. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம்தான். 2018 மார்ச் 9 தீர்ப்பு அனுமதித்தது, தேறவே வாய்ப்பில்லாதவருக்கு வென்டிலேட்டர் மாதிரியான சிகிச்சையை நிறுத்துவதை. அதற்கும் வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது. சிகிச்சை தரும் டாக்டரும் 5 வருட அனுபவமாவது உள்ள 2 நிபுணர்களும் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம் இன்னொரு மருத்துவக் குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும், நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். சரி, நினைவோடு இருக்கும்போதே நம் விருப்பத்தை எழுதி வைக்கலாமா? வைக்கலாம். முன்பு அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் (யார் அலைவார்கள்!), 2023 ஜனவரியிலிருந்து 2 சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும்.