கொடியேற்றம் தெரியும், கொடியிறக்கம் தெரியாதா?

நேத்து ராத்திரியிலிருந்து நான் போட்ட வரியோட ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கே திருப்பித் திருப்பி அனுப்புறீங்க. போதும். எந்த நகர், எந்த நுழைவு வளைவுன்னு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15-க்காகக் கட்டுக்கம்பியில முறுக்கிக் கட்டின தேசியக் கொடி, அக்டோபர் கடைசியிலயும் அங்கேயே தொங்குது. காவி வெளிறி சுண்டல் கலருக்கு வந்தாச்சு. பச்சை சாம்பலாச்சு. ஓரம் நாலு நாராக் கிழிஞ்சு, அதுல ஒரு நார் கேபிள் ஒயர்ல சுத்திக்கிட்டு கிடக்கு. "இதை இறக்கிடலாமே"ன்னு நான் போட்டது ஒரே ஒரு வரி. அதுக்குக் கிடைச்ச பதில்: "கொடியை இறக்கச் சொல்றவன் எந்த நாட்டுக்காரன்?"

சொல்றேன். கொடியேற்றம்னு ஒண்ணு இருந்தா கொடியிறக்கம்னு ஒண்ணு உண்டுன்னு தெரிஞ்ச ஊர்க்காரன். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலா இருக்கட்டும், வில்லியனூர் மாதா கோயிலா இருக்கட்டும், கொடி ஏறினா திருவிழா தொடங்கும், இறங்கினாத்தான் முடியும். இறக்க மறந்துட்டோம்னு எந்த ஊர்லயாவது சொல்லிட்டுத் தப்பிக்க முடியுமா? தேசியக் கொடின்னா மட்டும் ஏத்துறதோட நம்ம வேலை முடிஞ்சிடுது.

"2022-லயே சட்டத்தைத் திருத்தியாச்சு, ராத்திரி பகல் பறக்கலாம், படிச்சுட்டு வாங்க"ன்னார் ஒருத்தர். படிச்சுட்டுத்தான் சார் வந்தேன். 2021 டிசம்பர்ல பாலியஸ்டர் துணியையும் மெஷின்ல செஞ்ச கொடியையும் அனுமதிச்சாங்க. 2022 ஜூலையில திறந்தவெளியிலயும் வீட்டுலயும் ராத்திரியும் பறக்கலாம்னாங்க. ரெண்டும் சரி. ஆனா கிழிஞ்ச, கசங்கிய கொடியைப் பறக்கவிடக் கூடாதுன்னு 2002 தேசியக் கொடி விதித் தொகுப்புல இருக்குற வரியை யாரும் எடுக்கல. அது அப்படியேதான் இருக்கு. ராத்திரி பறக்கலாம்னா நார் நாராப் போற வரைக்கும் பறக்கலாம்னு அர்த்தமில்ல.

இன்னொருத்தர், "அரசாங்கக் கட்டடத்துல மழை வெயில் பார்க்காமத்தானே பறக்குது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். எந்த வானிலையிலயும் பறக்கணும்ங்கிறது வழக்கமா கொடியேத்துற அரசுக் கட்டடங்களுக்கான விதி. அங்க காலையில ஏத்தி சாயங்காலம் இறக்க ஆள் இருக்கு, மாத்து கொடி இருக்கு. உங்க வளைவுல என்ன இருக்கு? கட்டுக்கம்பி.

நம்ம ஊர்க் காத்து தெரியாதவங்க கொஞ்சம் கேளுங்க. கடலோரத்துல துணியில உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதனால பருத்தியும் கதரும் காயவே காயாது. ஐப்பசி மழையில நனைஞ்சா கனத்துத் தொங்கும், சாயம் சரியில்லைன்னா காவி வெள்ளையில இறங்கிடும். பாலியஸ்டர் லேசா இருக்கும், சின்னக் காத்துக்கும் பறக்கும். ஆனா வெயில்ல இழை பொடிஞ்சு, வாடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சதும் கிழியும். கிழிசல் எப்பவும் கயிறு போற பக்கம் தொடங்காது. எதிர் ஓரம், அதுவும் மேல் கீழ் மூலை ரெண்டும்தான் சாட்டை மாதிரி அடிபடும். வாங்கும்போதே அந்த ஓரத்தைத் திருப்பிப் பாருங்க. மடிச்சு ரெண்டு மூணு வரிசை தைச்சிருக்கணும். சூட்டுல வெட்டி ஒட்டினது மாதிரி இருந்தா மேஜைக்குத்தான் ஆகும். கயிறு கோக்குற ஓட்டைக்கு இரும்பு வளையம் (ஐலெட்) வேண்டாம், ஒரே மழையில துரு இறங்கிக் கறை ஆயிடும்.

நீளமும் உயரமும் 3-க்கு 2. அளவை டேப் வச்சுப் பாருங்க, கண்ணால நம்பாதீங்க. சக்கரத்துல 24 ஆரம் இருக்கா, ரெண்டு பக்கமும் தெரியுதான்னு எண்ணிப் பாருங்க. எண்ணினா கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கம்ப உயரத்துல கால் பங்கு கொடி நீளம் இருந்தாப் பார்க்க நல்லா இருக்கும். 20 அடி கம்பத்துக்கு நாலரைக்கு மூணு அடி தாராளம். ஆறுக்கு நாலு அடின்னா கம்பம் உறுதியா இருக்கணும்.

இதையெல்லாம் விட முக்கியம், இறக்க வழி. கப்பி, கயிறு, கீழே கயிறு சுத்துற கொக்கி. 20 அடி கம்பத்துக்கு 45 அடி கயிறு வேணும், போக வர ரெண்டு மடங்கு. அளவா வாங்கிட்டு வந்தா ஒரு முனை கைய விட்டுப் போயிடும், அப்புறம் கம்பத்தைச் சாய்க்கிறதைத் தவிர வேற வழியில்ல. கப்பி சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா கயிறு அதுக்குள்ள இறங்கி இறுகிடும். விழா நாள்ல கொடி பாதியில நிக்கிறது பெரும்பாலும் இதனாலதான். திட்டு வாங்குறது வாட்ச்மேன். முறையா தைச்ச கொடியில ஒரு பக்கம் மரக்கட்டை, மறு பக்கம் வளையம் இருக்கும். மரக்கட்டை காவிப் பக்கம், அது மேலே. இவ்வளவு தெரிஞ்சாலே கொடி தலைகீழாப் போகாது.

கிழிஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டித் தைச்சுட்டா என்னன்னு ஒரு அக்கா நல்ல மனசோட கேட்டாங்க. மூணு அடி கொடியில மூணு அங்குலம் வெட்டினா 33-க்கு 24 அங்குலம். 3-க்கு 2 போச்சு. சக்கரமும் ஒன்றரை அங்குலம் நடுவை விட்டு விலகிடும். தையல் விட்டிருந்தாத் தைக்கலாம்க்கா. துணியை வெட்டக் கூடாது.

நல்லா இருக்குற கொடியை இறக்கினா பச்சைத் தண்ணியில லேசா சோப்புப் போட்டு அலசுங்க. உப்பு போகணும், அவ்வளவுதான். பிளீச்சிங் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழல்ல காயட்டும். மடிக்க ரெண்டு பேர் வேணும். படுக்கையா பிடிச்சு, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடிக்கணும். அப்புறம் ரெண்டு ஓரத்தையும் உள்ளே மடிச்சா சக்கரமும் கொஞ்சம் காவி, பச்சையும் மட்டும் தெரியும். ரெண்டு உள்ளங்கையில ஏந்திக் கொண்டு போகணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடினா நம்ம ஊர் ஈரத்துக்கு வெள்ளையில கருப்புப் புள்ளி வந்துடும். பருத்தித் துணியில சுத்தி வைங்க.

பயன்படாத கொடியை முழுசா, தனியிடத்துல, மரியாதையா எரிக்கலாம்னு விதியே சொல்லுது. உடனே "1971 சட்டத்துல மூணு வருஷம் ஜெயில் தெரியுமா?"ன்னு வருவீங்க. அந்தத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் பொது இடத்துல, ஊர் பார்க்க எரிக்கிறதுக்கு, கிழிக்கிறதுக்கு. அதனாலதான் தனியிடம்னு சொல்றது. ரீல்ஸ் எடுக்காதீங்க. பாலியஸ்டர் பருத்தி மாதிரி எரியாம உருகிச் சொட்டும், கரும்புகை விடும். அதை மடிச்சுப் பெட்டியில வச்சுப் புதைக்கிறது மேல். குப்பை வண்டியில போடறதும் கடல்ல விடறதும் வேண்டவே வேண்டாம்.

"கட்சிக் கொடியைக் கேட்டியா?"ங்கிறவங்களுக்கு: கேட்க வேண்டிய அவசியமே வரல. தலைவர் வர்றார்னா ஒரே ராத்திரியில கம்பம் கம்பமா புதுக் கொடி ஏறிடுது, கேட்காமலே. அந்தச் சுறுசுறுப்புல கால்வாசி இந்த வளைவுக்கு வந்திருக்கலாம்.

"துணியில என்ன இருக்கு, மனசுல இருக்கணும்"னு ஒரு பெரியவர். ஐயா, மனசுல இருந்தா இந்த ரெண்டரை மாசத்துல ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பீங்க. தினம் அந்த வளைவுக்குக் கீழதான் பால் வாங்கப் போறீங்க. நீங்க யாரும் பார்க்கல. பார்த்த ஒருத்தன்தான் துரோகி.

புதுச்சேரியில ஆகஸ்ட் 15, 16, நவம்பர் 1, ஜனவரி 26-ன்னு வரிசையா வருது, இறக்கி ஏத்துறது வீண் வேலைங்கிறாங்க. பிரெஞ்சுக்காரங்ககிட்டயிருந்து புதுச்சேரி விடுதலையான 1954 நவம்பர் 1-ஐக் கொண்டாடுறதுக்கு ஆகஸ்ட்ல கட்டின கந்தலா? துறைமுகத்துல மூணாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினாலே கொடியை உள்ளே எடுக்கணும். தானே, ஃபெஞ்சல்னு ரெண்டு புயலையும் பார்த்த ஊருக்கு இதையும் சொல்லணுமா?

காலையில நகர்ச் சங்கத்துலிருந்து ஒரு மெசேஜ். நவம்பர் 1-க்குப் புதுக் கொடி வாங்கிட்டாங்களாம், பழசு பக்கத்துலயே கட்டிடலாமாம். பழசை ஏன் இறக்கலைன்னு கேட்டேன். கட்டுக்கம்பி துருப்பிடிச்சு இறுகிப் போச்சாம், கட்டிங் பிளேயர் வேணுமாம், ஏணி செயலாளர் வீட்டு மாடியில பூட்டிக் கிடக்காம், அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் இன்னும் வரலையாம்.