அம்பாந்தோட்டைக் கடன் தீர்ந்துவிடவில்லை

'கட்ட முடியாத கடனுக்குப் பதிலாக அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது, கடனும் ரத்தானது' என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். இலங்கையில் இளம் வயதினர் பலரிடம் கேட்ட பேச்சுதான்; நானும் கொஞ்சக் காலம் நம்பினேன். ஆனால் கடன் ரத்தாகவில்லை. 2017-இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. 97 கோடி டாலருக்கு மேல் தவணைகளாக வந்தது. அது அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு உதவியது. துறைமுகம் கட்ட வாங்கிய சீன அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கிக் கடன் அப்படியே நின்றது, கட்டும் பொறுப்புதான் இலங்கை அரசின் திறைசேரிக்கு (கருவூலத்துக்கு) மாறியது.

சரிபார்ப்பதும் சுலபம்தான். இலங்கை மத்திய வங்கியின் 2017, 2018 ஆண்டறிக்கைகள் அதன் இணையதளத்தில் தமிழிலும் கிடைக்கும். வெளிநாட்டுத் துறை பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால் இந்தக் குத்தகைப் பணம் வெளிநாட்டு நேரடி முதலீட்டு வரவாகப் பதிவாகியிருக்கும்.