தெனெரிஃபேயில் ஸ்பானிஷ் இல்லாமல் நர்ஸ் வேலையா?

"தெனெரிஃபே முழுக்க பிரிட்டிஷ் டூரிஸ்ட்தான், பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு இருந்தால் இறங்கிய கையோடு வேலை, ஸ்பானிஷ் தேவையே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் வேலையை விட்டுவிட வேண்டாம்.

தெனெரிஃபே இருக்கும் கேனரி தீவுகள் ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஸ்பெயினின் பகுதி. பிரிட்டிஷ் நர்சிங் தகுதி அங்கே தானாகச் செல்லுபடியான காலம் 2020 இறுதியோடு முடிந்தது. அதற்கு முன்பே அங்கீகாரம் வாங்கியவர்கள் கதை வேறு. இப்போது படித்தது லண்டனோ சென்னையோ, ஸ்பெயின் அமைச்சகத்தில் 'ஓமோலோகாசியோன்', அதாவது வெளிநாட்டுப் பட்டத்துக்கான அங்கீகாரம், வாங்கியாக வேண்டும். பாட விவரம், பயிற்சி மணிநேரம் எல்லாம் கேட்பார்கள், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்போடு. வருடக்கணக்கில்கூட இழுக்கும். அப்புறம் மாகாண நர்சுகள் சங்கத்தில் பதிவு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் வேலை அனுமதியும் தனி.

சரி, மொழி? தெற்குக் கடற்கரைத் தனியார் மருத்துவமனைகளில் ஆங்கிலம் கூடுதல் பலம், அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறும்போது நோயாளி பற்றிச் சொல்வதும் மருந்துச் சீட்டும் ஸ்பானிஷில்தான். உள்ளூர்ப் பாட்டி நடுராத்திரி எங்கே வலிக்கிறது என்று சொல்வதும், சொல்லின் கடைசி 'ஸ்' எல்லாம் விழுங்கிய அந்தத் தீவு ஸ்பானிஷில். அரசு மருத்துவமனைத் தற்காலிக வேலைக்கு 'போல்சா' என்ற தரவரிசைப் பட்டியல் இருக்கிறது, ஓமோலோகாசியோன் முடியாமல் அதில் நுழைய முடியாது.

ஆங்கிலம் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வயதான பிரிட்டிஷ்காரர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை. அதை நர்ஸ் வேலை என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள்.