ஒரு 'ப்' படுத்தும் பாடு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசி வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. புது வாடிக்கையாளர்களை மாஸ்டர் லிஸ்ட்டில் சேர்க்க எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் போதுமாம்! தட்டினேன். 'அம்மாபேட்டை' அண்ணாச்சி ஏற்கனவே இருக்க, 'அம்மாப்பேட்டை' அண்ணாச்சி என்று புதிதாக ஒருவர் முளைத்துவிட்டார். ஒரு 'ப்'புக்கு இரண்டு அண்ணாச்சியா? பெயருக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸ் இருந்தால் மூன்றாவது ஆள். சரி, கன்ட்ரோல் இசட் அடிக்கலாமென்றால், மேக்ரோ செய்ததை அது திருப்பாது. போன மாதம், மேக்ரோவை வைத்துக்கொள்ளாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகச் சேமித்துத் தொலைத்தேன், மேக்ரோவே மாயம். (எச்சரித்ததாம். யார் படிக்கிறார்கள்?) "ஒரு பட்டன்தானே, இன்னுமா முடியல?" என்கிறார் முதலாளி. அவருக்கென்ன, எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். நான் இன்னும் அண்ணாச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.